கரையாத பஞ்சைக் கரைப்பது எங்ஙனம்?

பாவுக்குக் கஞ்சி போடும் பக்குவத்தை நன்கறிந்த நம் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு செய்தி சற்று வியப்பாகத் தோன்றலாம். பாவு நூலும், அதன்மீது நாம் பூசும் கஞ்சியும் ஒரே மூலப்பொருளால் ஆனவை. அரிசியிலுள்ள மாவுப்பொருளைப் பகுத்துப் பார்த்தால் கிடைப்பது குளுகோஸ் என்னும் சர்க்கரை. பஞ்சைப் பகுத்துப் பார்த்தாலும் கிடைப்பது அதே குளுகோஸ்தான். ஆயினும் கஞ்சி வெந்நீரில் குழைந்து கரைகிறது. நெய்து முடிந்த துணியை அலசினால் போய்விடுகிறது. நூலோ எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் கரைவதில்லை. இவ்வேற்றுமை இல்லாதிருந்தால் நெசவுத் தொழிலே தோன்றியிராது; முதல் மழையிலேயே வேட்டி கரைந்து ஓடியிருக்கும்.

பஞ்சிலும் மரத்திலும் வைக்கோலிலும் பொதுவாக அமைந்துள்ள இப்பொருளைப் பிரித்தறிந்து 1838-ம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் அன்செல்ம் பாயேன் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர். அதற்குச் செல்லுலோஸ் என்று பெயர் வழங்கலாயிற்று. மாவுப்பொருளில் குளுகோஸ் கண்ணிகள் ஒருவிதமாகக் கோக்கப்பட்டிருப்பதால் சங்கிலி சுருண்டு திருகிக் கிடக்கிறது. தண்ணீர் இடையே எளிதில் புகுந்துவிடுகிறது. செல்லுலோஸில் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தியதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் பாவு இழைகளைப்போல் பக்கத்தில் பக்கத்தில் படிந்து, ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் எண்ணற்ற சிறு கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு கொக்கியும் பலமற்றது. ஆனால் பருத்தியிழையின் ஒரு சங்கிலியில் ஆயிரக்கணக்கான கண்ணிகள் உள்ளன. அத்தனையும் ஒருசேரப் பற்றி நிற்கும்போது, தேர் வடத்தின் புரிகளைப்போல், எதற்கும் அசைந்து கொடுப்பதில்லை. தண்ணீர் இழையின் இடுக்குகளில் நுழைந்து நனைக்கிறதேயன்றிச் சங்கிலிகளைப் பிரிக்க மாட்டாது.

கொக்கிகளைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்று கருதும் விஞ்ஞானிகளும் இந்நாளில் உளர். சங்கிலியின் பக்கங்கள் தண்ணீரை நாடுகின்றன. அதன் தட்டையான முகங்களோ தண்ணீரை வெறுத்து ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. ஆகவே நல்ல கரைப்பான் இவ்விரண்டையும் ஒருங்கே தளர்த்துவதாயிருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கரைப்பான்களின் நடத்தையைக் காணும்போது இக்கொள்கையில் உண்மை இருப்பதாகவே தோன்றுகிறது.

கரையாமையே பஞ்சின் சிறப்பாயிருக்க, அதனைக் கரைக்க முயல்வானேன் என்று கேட்கலாம். நூலாக நூற்பதற்கு இழைக்கு நீளம் வேண்டும். மரத்திலுள்ள செல்லுலோஸ் இழைகள் மிகக் குறுகியவை. கொட்டை பிரித்த பின்னும் பருத்தி விதையை ஒட்டிக்கொண்டிருக்கும் லிண்டர் என்னும் சிறு பஞ்சும் அத்தகையதே. கந்தல் துணியைப் பிய்த்தெடுத்தால் வரும் பஞ்சும் ஒவ்வொரு தடவையும் குறுகிக்கொண்டே போகிறது. இவற்றைக் கரைத்துப் பாகாக்கி, இடியாப்பம் பிழிவதுபோல் நுண்துளைகளின் வழியே பிழிந்து, மீண்டும் உறையச் செய்தால் வேண்டிய நீளத்துக்கு இழை எடுக்கலாம். நைலானைப்போல் உருக்கிப் பிழியலாம் என்றாலோ, செல்லுலோஸ் உருகுவதற்கு முன்பே கருகிவிடுகிறது. ஆகவே கரைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இம்முயற்சியின் கதை நெடியது. ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1844-ம் ஆண்டில் பருத்தித் துணியைக் காரமான காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்துப் பார்த்தார். துணி கரையவில்லை, இழைகள் பருத்தன. சாயத்தை நன்கு பற்றின. பின்னர் நூலை இழுத்துப் பிடித்தவாறே இவ்வாறு செய்தால் பட்டுப்போன்ற பளபளப்பு ஏறுவதும் கண்டறியப்பட்டது. நாம் வாங்கும் மெர்சரைஸ்டு நூலின் பிறப்பு இதுவே. கரைத்தலின் வாசற்படி வரை வந்து நின்ற முறை என்று இதனைச் சொல்லலாம்.

முதன்முதலில் உள்ளே சென்றவர் சுவிட்சர்லாந்தின் எடுவர்ட் ஷ்வைட்சர். செப்பு உப்பும் அமோனியாவும் சேர்ந்த அழகிய நீல நிறக் கரைசலில் பஞ்சு கரைவதை அவர் 1857-ம் ஆண்டில் கண்டார். அம்முறையில், அதுவும் பருத்தி லிண்டரைக் கொண்டே, ஜப்பானில் இன்றும் நயமான இழை தயாராகிக் கோட்டுகளின் உள்துணியாகச் செல்கிறது. 1889-ம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் ஷார்தொனே பிரபு வைத்த செயற்கைப் பட்டு வேறு வகை. அவர் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தால் மாற்றிக் கரைத்தார். வெடிமருந்துக்கு நெருங்கிய உறவான அப்பொருள் எளிதில் தீப்பற்றுவதாயிருந்தபடியால் நெடுநாள் நிலைக்கவில்லை.

நிலைத்தது விஸ்கோஸ். கிராஸ், பெவன், பீடில் என்ற மூன்று ஆங்கிலேயர் 1892-ம் ஆண்டில் உரிமை பெற்ற முறை இது. மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் பிழிந்து துருவி, கார்பன் டைசல்பைடு என்னும் திரவத்தின் ஆவியோடு கலக்கின்றனர். செல்லுலோஸ் ஆரஞ்சு நிறப் பொருளாக மாறிவிடுகிறது. அப்பொருள் நீர்த்த காஸ்டிக் சோடாவில் தேன்போன்ற பாகாகக் கரைகிறது. பாகைக் கந்தக அமிலத் தொட்டிக்குள் நுண்துளைகளின் வழியே பிழிந்தால், ஏற்றிய பொருள் கழன்று செல்லுலோஸ் மறுபடியும் இழையாக மீள்கிறது. ரேயான் என்று நம் தறிகளில் ஏறுவது பெரும்பாலும் இதுவே. மத்தியப் பிரதேசத்து நாக்டாவில் 1954-ம் ஆண்டு முதல் இவ்விழை தயாராகி வருகிறது.

விஸ்கோஸின் குறை அதன் இழையில் இல்லை. அதனைச் செய்யும் முறையில் உள்ளது. கார்பன் டைசல்பைடு 46 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நீராவிக் குழாயின் சூடு பட்டாலே அவ்வாவி தீப்பற்றக்கூடும். அதைவிடக் கொடியது மனிதருக்கு அது விளைக்கும் தீங்கு. நாள்தோறும் அதைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நரம்புத் தளர்ச்சியும் சித்தப் பிரமையும் ஏற்பட்டன. அவர்களிடையே இருதய நோயால் இறப்போர் மிகுதி என்பதை 1968-ம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சி எடுத்துக் காட்டிற்று. அமிலத் தொட்டியில் இழை உறையும்போது அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் கிளம்புகிறது. இக்காலத்து நல்ல ஆலைகள் மூடிய இயந்திரங்களை அமைத்து இவ்வாவிகளைப் பெரும்பாலும் பிடித்து மீட்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். பிடிக்காத ஆலை எப்படியிருக்கும் என்பது நம்மவர்க்குத் தெரியாததன்று. சிறுமுகையில் பவானிக் கரையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலையின் கழிவுநீரைப் பற்றி எழுந்த கிளர்ச்சிகளை அப்பகுதி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாலை மூடப்பட்டு ஆண்டுகள் பல சென்றுவிட்டன.

செல்லுலோஸை வேறொரு பொருளாக மாற்றிக் கரைத்து, பின்னர் மீட்பதால்தான் இவ்வளவு தொல்லையும். மாற்றாமல், உள்ளது உள்ளபடியே, உப்பைத் தண்ணீரில் கரைப்பதுபோல் கரைக்க முடியுமா? முடியுமானால் இழை உறைந்தபின் கரைப்பானைத் திரும்ப எடுத்து மறுபடியும் உபயோகிக்கலாம். கடந்த நூறாண்டுகளாக நடந்துவரும் தேட்டம் இதுவே.

சாதாரணக் கரிமக் கரைப்பான்கள் இதற்கு உதவுவதில்லை. பெயின்ட்டைக் கரைக்கும் அசிட்டோனோ, சாராயமோ, மண்ணெண்ணெயோ பஞ்சை ஒன்றும் செய்யா. ஆனால் டைமெதில் அசிடமைடு என்ற கரிமத் திரவத்துடன் லிதியம் குளோரைடு என்ற உப்பைச் சேர்த்தால் நிலைமை மாறிவிடுகிறது. தனித்தனியே செய்ய இயலாததை இரண்டும் கூடிச் செய்கின்றன. உப்பிலுள்ள குளோரைடு அயனி செல்லுலோஸின் கொக்கிகளைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. கொக்கிக்கு வேறு பிடிமானம் கிடைத்துவிட்டால் அடுத்த சங்கிலியை அது விட்டுவிடுகிறது. இக்கலவை ஆராய்ச்சிசாலைகளில் பெரிதும் பயன்படுகிறது. துணியோ காகிதமோ பழமையடையும்போது அதன் சங்கிலிகள் எவ்வளவு நறுங்கியுள்ளன என்று அளப்பதற்கு அதனை இதில் கரைத்தே பார்க்கின்றனர். ஆலையில் மட்டும் இது வேரூன்றவில்லை. லிதியம் உப்பின் விலையும், கலவையை முழுதும் மீட்பதிலுள்ள சிரமமும் அதற்குக் காரணங்கள்.

ஆலையில் வேரூன்றியது மற்றொரு கரைப்பான். என்-மெதில் மார்போலின் ஆக்சைடு என்பது அதன் நீண்ட பெயர். அமெரிக்க ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான்சன் என்பவர் 1969-ம் ஆண்டில் இதைப்பற்றிய உரிமைக்கு வழிகோலினார். பின்னர் பிரிட்டனின் கோர்ட்டால்ட்ஸ் நிறுவனம் முனைந்து உழைத்து, 1992-ம் ஆண்டில் அமெரிக்காவின் மொபீல் நகரில் வாணிப முறையில் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஆஸ்திரியாவின் லென்ஸிங் நிறுவனத்தாரும் 1997-ல் ஆலை அமைத்தனர். இவ்வாறு பிறந்த இழையின் பொதுப்பெயர் லயோசெல்; டென்செல் என்பது வியாபாரப் பெயர். மரக்கூழைக் கரைப்பானும் தண்ணீரும் கலந்த கலவையில் இட்டு, வெற்றிடத்தில் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே வந்தால், குறிப்பிட்ட அளவில் செல்லுலோஸ் கரைந்து தேன் நிறப் பாகாகிவிடும். அதைப் பிழிந்து தண்ணீரில் விட்டால் இழை உறைகிறது. கரைப்பானில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்குமேல் மீட்கப்படுகிறது. கார்பன் டைசல்பைடும் இல்லை, கந்தக அமிலமும் இல்லை. ஒரு குறை உண்டு. இக்கரைப்பான் மிகுந்த சூட்டையும் அசுத்தத்தையும் தாங்காது. கவனக்குறைவால் சூடு எல்லை மீறினால் தானாகவே சிதைந்து வேகம் பிடித்து வெடிக்கும் இயல்புடையது. ஆகவே அதனைச் சாந்தப்படுத்தும் பொருள்களைச் சேர்த்தே பாகு காய்ச்சுகின்றனர்.

இனி அயனித் திரவங்களைக் காண்போம். இப்பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. நம் வீட்டு உப்பு அயனிகளால் ஆனது: மின்னூட்டம் ஏற்ற சோடியம் ஒருபுறம், அதற்கு எதிரான மின்னூட்டமுள்ள குளோரைடு மறுபுறம். இவை அளவொத்த கற்களைப்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டு ஒன்றையொன்று கவர்ந்து நிற்பதால் உப்பை உருக்க 801 டிகிரி சூடு வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்று பெரியதாகவும் கோணலான வடிவமுடையதாகவும் இருந்துவிட்டால் அடுக்குச் சரியாக அமையாது. குறைந்த சூட்டிலேயே உப்பு உருகிவிடும். நூறு டிகிரிக்குக் கீழே உருகும் உப்புகளையே அயனித் திரவங்கள் என்கிறோம். அவற்றுட் சில அறையின் சாதாரண வெப்பத்திலேயே எண்ணெய்போல் நிற்பவை. பால் வால்டென் என்ற அறிஞர் 1914-ம் ஆண்டில் 12 டிகிரியிலேயே உருகிவிடும் உப்பு ஒன்றை விவரித்திருக்கிறார். அதில் தண்ணீர் ஒரு துளியும் இல்லை என்பதை நினைவில் வைக்கவேண்டும். உப்பு நீர் வேறு, உப்பே நீராக நிற்பது வேறு.

இத்தகைய உப்புகள் பஞ்சைக் கரைக்கும் என்பதைக் கண்டவர் சார்ல்ஸ் கிரேனகர். பிரிடினியம் வகையைச் சேர்ந்த உருகிய உப்புகளில் செல்லுலோஸ் கரைவதாக 1934-ம் ஆண்டில் அவருக்கு அமெரிக்க உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. அதனை அக்காலத்தில் எவரும் பெரிதாக மதிக்கவில்லை. விஸ்கோஸ் ஆலைகள் கொழித்துக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளியின் நரம்பைப் பற்றிக் கணக்குப் புத்தகத்தில் எழுதும் வழக்கமும் ஏற்பட்டிருக்கவில்லை. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, 2002-ம் ஆண்டில், அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபின் ராஜர்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் பியூட்டைல் மெதில் இமிடசோலியம் குளோரைடு என்னும் உப்பை உருக்கி அதில் மரக்கூழை இட்டனர். நூறு டிகிரிச் சூட்டில் பத்து சதவிகிதம் கரைந்தது. மைக்ரோவேவ் அடுப்பின் உதவியால் இருபத்தைந்து சதவிகிதம் வரை கரைத்தனர். இக்கட்டுரை வெளியான பின்னரே உலகின் பல ஆராய்ச்சிசாலைகள் இத்துறையில் இறங்கின.

இதன் செயல்முறை முன்னர்க் கூறியதையே ஒத்தது. குளோரைடு அயனி, அல்லது பிற்காலத்தில் பெரிதும் விரும்பப்பட்ட அசிடேட் அயனி, செல்லுலோஸின் ஹைட்ரஜன் கொக்கிகளைப் பற்றி இழுக்கிறது. பெரிய கரிம அயனியோ சங்கிலிகளின் தண்ணீரை வெறுக்கும் முகங்களினூடே நுழைந்து அவற்றை அகற்றி நிறுத்துகிறது. ஒருவர் முடிச்சை அவிழ்க்க, மற்றவர் இழைகளைப் பிரித்துப் பிடித்துக்கொள்வதுபோல. கரைப்பான் முழுவதுமே அயனிகளாயிருப்பதால், லிதியம் உப்பைத் தனியே வாங்கிச் சேர்க்கும் வேலை இல்லை.

பாகிலிருந்து இழையை மீட்பது வியக்கத்தக்க எளிமையுடையது. தண்ணீரில் விட்டால் போதும். அயனிகளுக்குச் செல்லுலோஸைவிடத் தண்ணீரின்மீதே பற்று அதிகம். தண்ணீரைக் கண்டதும் அவை பிடியை விட்டு அதனுடன் கலந்துவிடுகின்றன. கைவிடப்பட்ட சங்கிலிகள் மறுபடியும் தம்முள் கைகோத்து உறைகின்றன. இக்காரணத்தினாலேயே கரைக்கும்போது ஈரம் கூடாது. அந்தக் குளோரைடு உப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலே கரைக்கும் ஆற்றல் குன்றிவிடும். நனைந்த கூழை உள்ளே போட்டால் பாகு வராது, கட்டிதான் வரும்.

அயனித் திரவங்களுக்கு இன்னொரு குறை உண்டு. அவை கெட்டியானவை. பஞ்சு கரைந்தபின் பாகு வெல்லப்பாகினும் இறுகி, கலக்கும் துடுப்பை நகரவிடாது. இவ்விடத்தில் கரிமக் கரைப்பான்கள் மீண்டும் துணைக்கு வருகின்றன. டைமெதில் சல்பாக்சைடு என்ற கரிமத் திரவம் தனியாகப் பஞ்சைக் கரைக்காது. ஊறவைத்துப் பருக்கச் செய்வதோடு நின்றுவிடும். ஆனால் எதில் மெதில் இமிடசோலியம் அசிடேட் என்ற அயனித் திரவத்தோடு அதனைக் கலந்தால், பாகு இளகிவிடுவதோடு கரையும் வேகமும் பெருகுகிறது. மணிக்கணக்கில் ஆகும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது என்பதை 2011-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அயனிகளே கரைக்கின்றன, கரிமத் திரவம் அவற்றுக்கு நடமாட இடம் தருகிறது. விலையுயர்ந்த அயனித் திரவம் குறைவாகவே செலவாவதும் இதில் ஒரு நன்மை.

இத்துணை நன்மையிருந்தும் ஊருக்கு ஊர் இத்தகைய ஆலைகள் தோன்றாததன் காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பாகில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு செல்லுலோஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ இழை எடுக்க ஏறத்தாழ 6.7 கிலோ கரைப்பான் வேண்டும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு வீணானால் கிலோ இழைக்கு 67 கிராம் கரைப்பான் போயிற்று. ஐந்து பங்கு வீணானால் 335 கிராம். கரைப்பானின் விலை இழையின் விலையைப்போல் பல மடங்காயிருக்கும்போது முதற்கணக்கே கையைக் கடிக்கும். இரண்டாவதோ ஆலையை மூடச் செய்யும். அடுத்தது, தண்ணீர். உறையும் தொட்டியில் கரைப்பானைப்போல் நான்கு மடங்கு தண்ணீர் கலந்துவிட்டதாகக் கொண்டால், கிலோ இழைக்கு ஏறக்குறைய 27 கிலோ தண்ணீரை ஆவியாக்கியே கரைப்பானை மீட்கவேண்டும். கொதிநிலைத் தண்ணீர் ஒரு கிலோவை ஆவியாக்க 540 கிலோகலோரி வெப்பம் தேவை. 27 கிலோவுக்குப் பதினாலாயிரத்துக்கு மேலாகிறது. சிறிதும் வீணாகாமல் எரித்தாலும் மூன்று கிலோவுக்கு மேல் உலர்ந்த விறகு பிடிக்கும். ஓர் ஆவியின் சூட்டைக்கொண்டே அடுத்த கொப்பரையைக் காய்ச்சும் பலகட்ட இயந்திரங்களால் இச்செலவைப் பெரிதும் குறைக்கலாம். அறவே நீக்க முடியாது. அயனித் திரவம் தானாக ஆவியாகாது என்பதால் காற்றைக் கெடுப்பதில்லை, தொழிலாளி சுவாசிப்பதுமில்லை. அதே குணத்தினால் அதனைக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்வதும் கடினம். மரத்திலிருந்தும் சாயத்திலிருந்தும் வந்த அழுக்கு சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும்.

பசுமைக் கரைப்பான் என்ற அடைமொழியை விளம்பரங்களில் காண்கிறோம். அதனை அப்படியே நம்புவது தகாது. ஆவியாகாமை ஒன்றே ஒரு பொருளை நிரபராதியாக்கிவிடாது. இமிடசோலியம் வகை உப்புகளுட் சில நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்று சோதனைகள் காட்டியுள்ளன. குளோரைடு உப்புகள் இரும்புக் கலங்களை அரிக்கும். மூடிய சுற்றில் நின்றால் நல்லது. வாய்க்காலில் இறங்கினால் கெட்டது. கார்பன் டைசல்பைடோடு ஒப்பிட்டால் தீங்கு குறைவு என்று சொல்லலாமேயன்றித் தீங்கே இல்லை என்று சொல்லலாகாது.

இத்தடைகளை வெல்வதில் பின்லாந்து தேசத்தார் காட்டிவரும் விடாமுயற்சி குறிப்பிடத்தக்கது. ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் சிக்ஸ்டா என்ற பேராசிரியரும், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் இல்க்கா கில்பெலாய்னன் என்பவரும் கூடி, இமிடசோலியத்தை விட்டு வேறொரு காரத்தை வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிடிக் அமிலத்தோடு சேர்த்து ஓர் அயனித் திரவத்தை உண்டாக்கினர். அயான்செல் என்பது அம்முறையின் பெயர். லயோசெல் பாகைவிடக் குறைந்த சூட்டிலேயே இதைப் பிழியலாம். வெடிக்கும் அபாயமும் இல்லை. துளையிலிருந்து வரும் இழை சிறிது தூரம் காற்றில் இறங்கி, நன்கு இழுபட்டு, குளிர்ந்த நீரில் விழுந்து உறைகிறது. இழுபடும்போது சங்கிலிகள் ஒரே திசையில் நேராக நிற்பதால் இழை விஸ்கோஸைக் காட்டிலும் பலமுள்ளதாகிறது. அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் மனைவியார் 2018-ம் ஆண்டுச் சுதந்திர தின விருந்துக்குப் பிர்ச் மரத்திலிருந்து இவ்வாறு எடுத்த இழையால் நெய்த உடையணிந்து வந்தார். பின்லாந்தின் ஆனேகோஸ்கி நகரில் மெட்சா குழுமத்தாரும் ஜப்பானின் இட்டோச்சு நிறுவனத்தாரும் காகிதக்கூழை அயனித் திரவத்தில் கரைத்து இழையெடுக்கும் சோதனை ஆலையொன்றை 2020-ம் ஆண்டில் தொடங்கினர். கரைப்பானை எத்தனை முறை மீட்டாலும் அதன் குணம் கெடாதிருக்கச் செய்வதே இவர்கள் யாவர்க்கும் முக்கியமான பிரச்னையாய் இருந்து வருகிறது. பின்லாந்தாரின் உப்பு, சூட்டில் தண்ணீரோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும் இயல்புடையது.

நமக்கு நெருங்கிய பயன் மரத்தில் இல்லை, கழிவுத் துணியில் உள்ளது என்பது எமது அபிப்பிராயம். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியைப் பிரிப்பது இன்று வரை பெரும் தலைவலியாக இருந்து வருகிறது. பிய்த்துப் பஞ்சாக்கினாலும் இரண்டும் கலந்தே நிற்கும். அயனித் திரவத்தில் இட்டாலோ பருத்தி மட்டும் கரைகிறது. பாலியெஸ்டர் அப்படியே நிற்கிறது. வடிகட்டிவிட்டால் ஒருபுறம் பருத்திப் பாகு, மறுபுறம் பாலியெஸ்டர். ஆராய்ச்சிசாலையில் இது செய்து காட்டப்பட்டுள்ளது. சாயத்தின் நிறத்தையும் இழையிலேயே நிற்கச் செய்து மறுபடி சாயமிடும் செலவைத் தவிர்க்கவும் முயன்று வருகின்றனர். வெள்ளைப் பருத்திக் கழிவு, சாயமிட்ட கழிவு, கலப்புக் கழிவு என்று இன்றே தனித்தனியாகக் கட்டிவைக்கும் சங்கத்துக்கு நாளை நல்ல விலை கிடைக்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அடைத்து நிறுத்துப் போடுகிறவருக்கு அந்த வாய்ப்பு இராது.

விளைவிப்போருக்கு ஒரு வார்த்தை. கரும்புச் சக்கையிலும் வைக்கோலிலும் பருத்தி மாரிலும் செல்லுலோஸ் உண்டு என்பது மெய்யே. ஆனால் பருத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் செல்லுலோஸ். மரத்தில் பாதிக்குக் குறைவு. மார், சக்கை முதலியவற்றில் லிக்னின் என்னும் பசைப்பொருளும் பிறவும் கலந்திருப்பதால் முதலில் அவற்றைப் பிரித்துக் கூழாக்கவேண்டும். கரூரையடுத்த காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலை அவ்வேலையைத்தான் செய்கிறது. இழைக்கு வேண்டிய கூழ் காகிதக் கூழைவிடச் சுத்தமாயிருப்பது நலம். ஆகவே “உங்கள் மாரையெல்லாம் பட்டாக்கித் தருகிறோம்” என்று பங்குத்தொகை கேட்டு வருகிறவர்களிடம், கரைப்பான் எது, அதில் எத்தனை பங்கு மீட்கப்படுகிறது, கூழாக்கும் ஆலை எங்கே இருக்கிறது என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு மேலே பேசுவது நல்லது.

நெசவாளர்களை உடனடியாகப் பாதிப்பது நூலின் பெயர்க் குழப்பம். மூங்கில் நூல் என்று சந்தைக்கு வருவது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸே. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009-ம் ஆண்டிலேயே, இதனை ரேயான் என்று குறிப்பிடாமல் மூங்கில் என்று விற்ற கம்பெனிகள்மீது நடவடிக்கை எடுத்தது. மூங்கில் என்பது தாவரத்தின் பெயர். விஸ்கோஸா, லயோசெல்லா என்பதே கரைத்த முறையின் பெயர். தறியில் நமக்கு முக்கியம் இரண்டாவதே.

எரித்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பருத்தி, விஸ்கோஸ், லயோசெல் மூன்றும் ஒரே செல்லுலோஸாகையால் காகிதம் எரியும் நாற்றத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். நனைத்து இழுத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். பருத்தி நூல் நனைந்தால் பலம் கூடும். விஸ்கோஸ் நனைந்தால் பாதி பலத்தை இழந்துவிடும். லயோசெல் சிறிதளவே இழக்கும். ஒரே நம்பருள்ள இரண்டு நூல்களை உலர்ந்த நிலையிலும் நனைத்தும் அறுத்துப் பார்த்தால் வேறுபாடு கைக்குப் புலப்படும். விஸ்கோஸ் பாவைக் கஞ்சியில் நனைக்கும்போதும் உலர்த்தும்போதும் மிகவும் இழுத்துக் கட்டலாகாது. இழுத்தால் நீண்டு, துணி நெய்தபின் முதல் சலவையிலேயே சுருங்கும். லயோசெல்லுக்கு அந்தப் பயம் குறைவு. ஆனால் ஈரத்தில் உராய்ந்தால் அதன் மேற்பரப்பிலிருந்து மயிர்போன்ற நுண்சிம்புகள் கிளம்பும். சாயத் தொட்டியில் சிட்டங்களை அடித்துப் புரட்டாமல் மெதுவாகத் திருப்ப வேண்டும். நூல் கட்டின்மீது இழையின் வகை எழுதப்படாமல் வந்தால், ஆலையிடமிருந்து அதனை எழுத்தில் பெற்ற பின்னரே சங்கம் சரக்கை ஏற்பது உசிதம்.